பழைய காருக்கு எந்தப் பாதை? லிங்கநகரிலிருந்து கொழும்புக்கு இரண்டு செயலிகள்

திருகோணமலை லிங்கநகரிலிருந்து கொழும்புக்குப் பாதை கேட்டால் கூகுள் மெப்ஸ் நேரத்தைக் கணக்கிட்டுப் பதில் சொல்கிறது. நீங்கள் ஓட்டப்போவது புதிய ஹைபிரிட் வாகனமா, அறுபது வயதுக் காரா என்று அது கேட்பதில்லை. பழைய காரை இன்னமும் அன்றாடம் ஓட்டுபவர்களுக்கு அந்தக் கேள்விதான் முக்கியம். அதனால் வீட்டு மொறிஸ் மைனர் 1000-ஐ வைத்துக்கொண்டு கூகுள் மெப்ஸ், ஓஸ்ம்அண்ட் ஆகிய இரண்டு செயலிகளையும் இந்தப் பாதையில் பயன்படுத்திப் பார்த்தேன்.

காரின் தேவை என்ன?

மொறிஸ் மைனர் 1948 முதல் 1971 வரை தயாரான கார். 1962-க்குப் பிந்தியவற்றில் இருப்பது 1,098 சிசி என்ஜின். வலு 48 குதிரைவலு. நான்கு சில்லுகளிலும் டிரம் பிரேக். பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது இவற்றை விட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. றேடியேட்டர் ஃபான், தண்ணீர் பம்ப், டைனமோ மூன்றையும் ஒரே பெல்ட்தான் சுழற்றுகிறது. புதிய கார்களில் ஃபான் மின்சாரத்தில் ஓடுவதால், வண்டி நின்றாலும் அது முழு வேகத்தில் சுழலும். மைனரில் என்ஜின் மெதுவாக ஓடினால் ஃபானும் மெதுவாகத்தான் ஓடும். நெரிசலில் ஊரும்போது றேடியேட்டருக்குக் காற்றுக் குறைகிறது, தண்ணீர்ச் சுழற்சி குறைகிறது, பற்றரிக்கு ஏறும் மின்சாரமும் குறைகிறது. வெயில் ஏறினால் கார்பரேட்டருக்குப் போகும் வழியிலேயே பெற்றோல் ஆவியாகி என்ஜின் நின்றுவிடவும் கூடும்.

ஆகவே இந்தக் காரைத் தூரம் களைப்பாக்குவதில்லை. ஊர்ந்து போவதுதான் களைப்பாக்குகிறது. ஐம்பது கிலோமீற்றர் கூடுதலாக ஓடினாலும் சீராக ஓடினால் அதற்குச் சுகம்.

கூகுள் மெப்ஸ்

நமக்கு வேண்டிய தகவல் இந்தச் செயலியிடம் இருக்கிறது. ஆனால் அது பாதைகளை நிமிடக் கணக்கில் வரிசைப்படுத்துவதால் அந்தத் தகவல் பின்னுக்குப் போய்விடுகிறது. முதலில் காட்டும் பாதையை அப்படியே ஏற்காமல், கோட்டில் சிவப்பு எவ்வளவு நீளம் என்று பாருங்கள். பழைய என்ஜின் சூடேறப்போகும் இடம் அந்தச் சிவப்புத்தான்.

பயணத்தைத் துண்டு துண்டாகக் கேட்பது இன்னும் நல்லது. குருநாகலிலிருந்து கொழும்புவரையான துண்டை மட்டும் எடுத்து, புறப்படும் நேரத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். அதிகாலைக்கும் மாலைக்கும் இடையே கூடும் நேரம் முழுவதும் ஊர்ந்து கழியும் நேரம். அதிவேக வீதியையும் கட்டண வீதியையும் தவிர்க்கும் தெரிவுகளைப் போட்டும் எடுத்தும் ஒப்பிடலாம். சில நிமிடங்களை மிச்சம் பிடிப்பதற்காக இது உள்வீதிகளுக்குத் திருப்புவதுண்டு. பழைய காருடன் அந்த ஆலோசனையை ஏற்க வேண்டாம். பெரிய வீதியில் இருந்தால்தான் உதவிக்கு ஆள் கிடைக்கும்.

ஓஸ்ம்அண்ட்

ஓப்பன் ஸ்ட்ரீட் மெப் தரவில் இயங்கும் இந்தச் செயலியின் பலம் இரண்டு. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாமலே வழி காட்டும். அத்துடன் பாதையின் ஏற்ற இறக்கத்தை வரைபாகக் காட்டுகிறது. எந்த இடத்தில் கியரைக் குறைக்க வேண்டும், எந்த இறக்கத்தில் பிரேக்கைக் காப்பாற்ற வேண்டும் என்பதை வீட்டிலிருந்தே படித்துவிடலாம். நேரடி நெரிசல் நிலவரம் இதில் கிடையாது. அமைப்புகள் ஏராளம், பழக நாள் எடுக்கும்.

பாதைகள்

கண்டி வீதி: தம்பலகாமம், கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் ஊடாக ஏ-6 வீதி அம்பேபுஸ்ஸவில் ஏ-1 வீதியைச் சேர்கிறது. கொழும்புவரை ஏறக்குறைய 260 கிலோமீற்றர். குருநாகல் வரை இது பழைய காருக்கென்றே போட்டதுபோன்ற வீதி. ஏற்றம் மெல்லியது, மணிக்கு 55, 60 கிலோமீற்றரில் சீராகப் பிடிக்கலாம், பெரிய ஊர்களில் பெற்றோல் செட்டும் கராஜும் உண்டு. வரக்காப்பொல தாண்டி நிட்டம்புவ, கடவத்தைப் பக்கம் வரும்போதுதான் சிவப்புக் கோடு நீள்கிறது.

மத்திய அதிவேக வீதி: குருநாகல் – மீரிகம பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. புதிய காருக்கு நல்ல தெரிவு. மைனரோ வேகமான வாகனங்களுக்கு நடுவே உச்சத்தில் உறுமிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். நினைத்த இடத்தில் நிறுத்தித் தண்ணீர் பார்க்கவும் முடியாது. மீரிகமவில் இறங்கி ஏ-1 வீதிக்கு வந்தால் மீண்டும் அதே நெரிசல்.

புத்தளம் வழி: ஹொரவப்பொத்தானை, அநுராதபுரம், புத்தளம் வரை ஏ-12, பிறகு சிலாபம், நீர்கொழும்பு ஊடாக ஏ-3. சுமார் 310 கிலோமீற்றர். தட்டையான பாதை, புத்தளம் வரை நெரிசலும் குறைவு. சிலாபத்துக்குப் பிறகு ஊர்கள் நெருங்கி வருவதால், கூடுதலாக ஓடியதன் பயன் கரைந்துவிடுகிறது.

கிரியுல்ல வழி: குருநாகல் வரை கண்டி வீதி. அங்கிருந்து நாரம்மல, கிரியுல்ல, மினுவாங்கொடை ஊடாகக் கட்டுநாயக்க. தென்னந்தோட்டங்களுக்கிடையே போகும், அகலம் குறைந்த, வளைவுகள் கொண்ட வீதி. வேகமாகப் போக முடியாது, ஆனால் ஓட்டம் அறுவதில்லை. மூன்றாம், நான்காம் கியரில் என்ஜின் இதமாக ஓடுகிறது. கட்டுநாயக்கவிலிருந்து 2013-இல் திறந்த அதிவேக வீதி இருக்கிறது. அது குறுகிய தூரம் என்பதால் நல்ல நிலையிலுள்ள கார் தாங்கும். விரும்பாதவர்களுக்குப் பழைய நீர்கொழும்பு வீதி.

எந்த நேரம்?

கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையே காடு; யானை வீதியைக் கடக்கும் பகுதி. டைனமோ வண்டியின் விளக்கு மெதுவாகப் போகும்போது மங்கும். ஆகவே நன்றாக விடிந்தபின் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் குருநாகலைத் தொடுவதே சரி. ஹபரணையில் ஒரு தேநீர், குருநாகலில் ஒரு ஓய்வு. என்ஜின் ஆறும்வரை றேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம்.

கண்டிக்குப் போகிறவர்கள் தம்புள்ளையில் பிரிந்து மாத்தளை வழியாக ஏறுவது நல்லது. கடுகண்ணாவையின் செங்குத்து ஏற்றத்தைத் தவிர்க்கலாம். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குப் போவதானால் கம்பளை, றம்பொடை ஏற்றத்தை ஓஸ்ம்அண்டில் ஒருமுறை பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள். இறங்கும்போது இரண்டாம் கியரை நம்புங்கள். டிரம் பிரேக் சூடேறினால் பிடி தளரும்.

முடிவு

ஒரே செயலிதான் வேண்டுமென்றால் கூகுள் மெப்ஸ் போதும், நிமிடத்தைப் பார்க்காமல் சிவப்பைப் பார்க்கப் பழகினால். மலைநாட்டுப் பயணம் இருந்தால் ஓஸ்ம்அண்டும் அவசியம். லிங்கநகர் – கொழும்புக்கு என் பரிந்துரை கிரியுல்ல வழி. இந்தத் தீவில் பழைய கார்கள் இத்தனை காலம் ஓடுவதற்கு அவற்றின் சொந்தக்காரர்களின் பொறுமைதான் காரணம். அந்தப் பொறுமை பாதையைத் தெரிவு செய்வதிலும் இருந்தால் இந்தக் கார்கள் இன்னும் ஒரு தலைமுறைக்கு ஓடும்.