மாத்திரையைக் கூட்டுமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

எருத்தேன்பதியில் வீட்டுமொழி தமிழ், மாவட்டம் கேரளத்தின் பாலக்காடு. வைத்தியத்துக்குக் கொழிஞ்சாம்பாறைக்கும் போகலாம், எல்லை தாண்டித் தமிழ்நாட்டின் பொள்ளாச்சிக்கும் போகலாம். காய்ச்சலுக்கு இது வசதி. தைராய்டு குறைவுக்கு ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கோ இதுவே சிக்கலாகிவிடக்கூடும். இங்கே ஒரு பரிசோதனை, அங்கே இன்னொன்று என்று போனால் அளவு ஏறி இறங்கிய வரலாறு எந்த மருத்துவர் கையிலும் முழுதாக இருக்காது.

இது அரிய நோயும் அல்ல. கொச்சியில் 971 பேரிடம் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வு, 3.9 சதவீதத்தினருக்குத் தெளிவான குறைவும் 9.4 சதவீதத்தினருக்கு எல்லைக்கோட்டுக் குறைவும் இருப்பதாகச் சொன்னது. அது அயோடின் போதுமான அளவு கிடைக்கும் பகுதி.

ரத்தத்தில் டி.எஸ்.எச். என்னும், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனின் எண்ணைப் பார்த்து, தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சினின் அளவைத் தீர்மானிப்பதே இன்றைய வழக்கம். 1891-இல் இங்கிலாந்து மருத்துவர் ஜார்ஜ் மர்ரே ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியில் ஏற்றி ஒரு பெண்ணைத் தேற்றியபோது, அளவை உடலின் மாற்றங்களை வைத்தே ஊகிக்க வேண்டியிருந்தது. இன்று 12.5, 25, 50 மைக்ரோகிராம் என்று படிப்படியாக ஏற்ற முடிகிறது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோனான தைராக்சின் சற்றுக் குறைந்தாலே பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச்.சைப் பல மடங்கு உயர்த்திக் காட்டிவிடும். இவ்வளவு நுட்பமான அளவுகோல் வேறு பல நோய்களுக்குக் கிடையாது.

ஆனால் அந்த எண் மெதுவாகத்தான் நகரும். லெவோதைராக்சினில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே டி.எஸ்.எச். நிலைக்கும். மூன்றாம் வாரத்திலேயே ரத்தம் கொடுத்து, அந்த எண்ணுக்காக மறுபடி அளவைக் கூட்டினால், மருந்து தன் வேலையை முடிக்குமுன்பே அதற்குத் தீர்ப்பு எழுதுகிறோம்.

இதைவிடப் பெரிய குறை, மாத்திரையை நோயாளி எப்படிச் சாப்பிட்டார் என்று கேட்காமல், எண் ஏறியதும் அளவைக் கூட்டுவது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காப்பியோ பலகாரமோ சாப்பிட வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. விடியுமுன் பால் கறக்க எழும் பெண்ணுக்கு முதல் வாய்க் காப்பிதான் தெம்பு. மாத்திரையும் அதோடு போனால் மருந்து முழுதாக உடலில் சேராது. எண் ஏறும், அளவும் ஏறும். பின்னர் ஒருநாள் ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கினால் அதே அளவு மிகையாகி, நெஞ்சு படபடக்கும், நாளடைவில் எலும்பும் தேயும். காலை ஒத்துவராவிட்டால், இரவு உணவுக்கு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது சாப்பிடலாம். 2010-இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில் அதுவே நல்ல பலன் தந்தது. இந்த வழியை மருத்துவர்கள் தாங்களாகவே முன்வந்து சொல்ல வேண்டும். முடிக்காகச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை சில பரிசோதனைகளில் எண்ணையே மாற்றிக் காட்டும்; அதையும் கேட்க வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே அவசரம் கிடையாது. 65 வயது தாண்டிய, எல்லைக்கோட்டுக் குறைவு உள்ள 737 பேரிடம் ஐரோப்பாவில் நடந்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. மாத்திரையால் அவர்களின் சோர்வு குறையவில்லை. கர்ப்பிணிக்கோ நேர்மாறு. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் கருவுற்றது தெரிந்ததுமே மருத்துவரிடம் போக வேண்டும். அவருக்கு அளவு ஏறக்குறைய கால் பங்கு முதல் அரைப் பங்குவரை கூடும்.

என் தீர்ப்பு இதுதான்: எண்ணை வைத்து அளவிடும் முறை சரியானது, கேள்வி கேட்காமல் எண்ணை மட்டும் நம்பும் பழக்கம் தவறானது. எல்லையின் எந்தப் பக்கம் போனாலும் பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு எடுத்துப்போங்கள். வீட்டில் சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் மேசையில் வையுங்கள். எத்தனை மணிக்கு, எதோடு சாப்பிடுகிறீர்கள் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.