இடிபாடுகளும் நமது பிரயாணக் கட்டுரைகளும்

நமது பாடசாலைச் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளின் வாரப் பதிப்புகளையும் புரட்டுவோர்க்கு ஒருவகைக் கட்டுரை நன்கு பழக்கமானது. அதிகாலையில் பஸ் புறப்படும். அனுராதபுரம், மிகிந்தலை, சீகிரியா, பொலன்னறுவை என இடங்கள் அடுத்தடுத்து வரும். ஒவ்வோரிடத்திலும் ஓர் அரசனின் பெயரும் ஒரு வியப்புக்குறியும் இடப்படும். இறுதியில் சூரியன் மறைய, அந்தப் பொற்காலம் எங்கே என்ற பெருமூச்சுடன் கட்டுரை முடியும். எழுதியவரின் பெயரை மறைத்துவிட்டால் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிவது கடினம்.

இதனை நடையின் வறுமை என்று கூறி விட்டுவிட இயலாது; இது பார்வையின் வறுமை. கல்லைக் கண்டவர்கள் கல்லில் எழுதப்பட்டிருப்பதைப் படிக்கவில்லை.

மிகிந்தலையை எடுத்துக்கொள்வோம். மகிந்த தேரர் தேவநம்பிய தீசனைச் சந்தித்த கதை எல்லாக் கட்டுரைகளிலும் உண்டு. ஆனால், அங்கே உணவுச்சாலை இடிபாட்டின் அருகே நிற்கும் இரு கற்பலகைகளைப் பற்றி ஒரு வரியேனும் காண்பது அரிது. நான்காம் மகிந்தன் (956–972) காலத்து இச்சாசனம் விகாரையின் நிர்வாக விதிகளைக் கூறுவது. குயவர், சமையற்காரர், கூரை வேய்வோர், மருத்துவர் முதலாய பணியாளர்க்கு அளிக்கவேண்டிய அரிசியையும் நிலத்தையும் அது வரையறுக்கிறது. செலவுக்குக் கணக்கு வைக்கவேண்டும் என்றும் விதிக்கிறது. இதனைப் படிப்பவருக்குப் பொற்காலக் கனவு சற்றுக் கலையும். விகாரை பெருநிலம் படைத்த ஒரு நிறுவனம் என்பதும், அந்த உணவுச்சாலையின் கற்றொட்டியை நிரப்பிய சோறு எங்கோ ஒரு வயலில் முதுகு வளைத்தவனின் உழைப்பு என்பதும் விளங்கும். அரசன் பெயரால் எழுந்த சாசனத்திலேயே உழைப்பாளியின் சுவடு கிடக்கிறது. தேடும் கண்தான் வேண்டும்.

சீகிரியாவிலோ, தந்தையைக் கொன்ற காசியப்பனும் ஓவியப் பெண்களும் நம்மவர்க்குப் போதும். அவ்வோவியங்களின் கீழே, மெருகிட்ட கண்ணாடிச் சுவரில், பெரும்பாலும் 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரை அங்கு வந்து சென்றோர் கீறிய சிங்களப் பாடல்கள் உள்ளன. சேனரத் பரணவிதான அவற்றுள் 685ஐப் படித்து 1956இல் நூலாக வெளியிட்டார். பிக்குகள், போர்வீரர், அதிகாரிகள், பெண்கள் என அவர்கள் பலதிறத்தினர். பலர் தம் பெயரையும் ஊரையும் குறித்துள்ளனர். ஓவியத்தின் அழகில் மயங்கிய ஆடவரும் உண்டு. ஓவியப் பெண்மேல் சினங்கொண்ட ஒரு மனைவியும் உண்டு. இந்நாட்டின் முதற் பிரயாண இலக்கியம் இதுவெனின் மிகையாகாது. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு போர்வீரன் தன் மனத்திற் பட்டதைத் தன் சொல்லில் எழுதினான். இன்று நம் மாணவன் வழிகாட்டி நூலிலிருந்து பிரதி செய்கிறான். இது வளர்ச்சியா?

பொலன்னறுவையை அடைந்ததும் நம்மவர் பேனா வேறு திசையிற் பாய்கிறது. சோழ அரசியின் பெயரால் அமைந்த வானவன்மாதேவி ஈசுவரத்தைக் கண்டு மார்பு தட்டுகிறது. படையெடுத்து வந்த பேரரசின் பெருமை பாட்டாளியின் பெருமை ஆகுமா? பராக்கிரமபாகுவைப் பாடும் சிங்கள எழுத்தாளரைக் குறை கூறும் நாம், சோழரைப் பாடும்போது அதே தவறையன்றோ செய்கிறோம்!

அதே நகரில் வேளைக்காரப் படையினரின் தமிழ்ச் சாசனம் நிற்கிறது. புத்தரின் தந்ததாதுக் கோயிலைக் காப்போம் என்பது அதன் உறுதிமொழி. அனுராதபுரத்தில் அபயகிரியை அடுத்த பாறையொன்றில், தமிழ் இல்லறத்தார் அமைத்த மண்டபம் பற்றிய கிறிஸ்துவுக்கு முற்பட்ட பிராமிச் சாசனம் உண்டு. அதன் மொழி பிராகிருதம். அமர்வோர் ஆசனங்களுக்கு நேரே அவர்தம் பெயர்கள். அவர்களுள் ஒருவன் கப்பலோட்டி. இக்கற்கள் எந்த இனவாதியின் வழக்குக்கும் எளிதிற் சாட்சி சொல்லமாட்டா.

பழங்கல்லை நிலவுரிமைப் பத்திரமாக ஆக்கும் முயற்சி இந்நாட்டில் வெறும் ஏட்டு விவகாரம் அன்று. 2020இல் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி நியமிக்கப்பட்டபோது, அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இடம்பெறவில்லை. பல இனத்தார் வாழும் மாகாணத்தின் கடந்த காலத்தை ஓரினத்தார் மட்டும் தீர்மானிக்கப் புகுந்தனர். அதற்கு மறுமொழி இன்னோர் இனத்தின் பொற்காலக் கதை அன்று. கல்லை நேர்மையாகப் படிக்கும் பழக்கமே.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சுற்றுலாவின்போது மாணவரிடம், "எந்த அரசன் கட்டினான்?" என்று மட்டும் கேளாதீர்கள். யார் மண் சுமந்தார், யாருக்கு எவ்வளவு அரிசி கிடைத்தது, எந்த மொழியில் எவர் பெயர் பொறித்தார் என்றும் கேளுங்கள். சுவரிற் கீறுவது இன்று குற்றம்; அது முறையே. ஆனால் அவர்கள் கையிற் காகிதம் உண்டு. சீகிரியாவின் போர்வீரனைப் போல அவர்களும் தாம் கண்டதைத் தம் சொல்லில் எழுதட்டும்.