சந்து செய்யும் சொல்: புறநானூறும் இலியதமும்

பகை மூண்டவிடத்துத் தமிழர் குறிப்பாற் பேசுவர், மேனாட்டார் வெளிப்படப் பேசுவர் என்னும் கருத்துப் பலரிடத்தும் உண்டு. பழைய இலக்கியம் இதற்குச் சான்றாகுமா என்பது ஆராயத்தக்கது. புறநானூற்றுச் சந்துப் பாடல்களையும் ஓமரின் இலியத ஒன்பதாம் காண்டத்தையும் ஒருங்குவைத்து நோக்குவோம்.

அதியமான் பொருட்டுத் தூது சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். அணிபெற்று நெய் பூசிய அவன் வேல்களைப் புகழ்வார் போன்றும், நுனி முரிந்து கொல்லன் களரியிற் கிடக்கும் அதியமான் வேல்களை இகழ்வார் போன்றும் அவர் பாடினார் (புறம். 95). எவை மேம்பட்டவை என்பதைக் கேட்டோனே உணர விட்டார். பாட்டினுள் தொண்டைமான் பெயர் இல்லை. பழைய குறிப்பே சூழலைத் தருகின்றது. சூழல் அறியாதார்க்கு இப்பாட்டின் கூர்மை புலப்படாது.

ஆயின், இஃது ஒன்றே தமிழ் நெறி என்று துணிதல் பொருந்தாது. ஆவூர்க் கோட்டையுள் அடைத்திருந்த நெடுங்கிள்ளியிடம் கோவூர்கிழார் மறைத்துப் பேசவில்லை. அறவோனாயின் வாயிலைத் திறந்து கொடு, மறவோனாயின் திறந்து போர் செய், இரண்டுமின்றி அடைத்திருத்தல் நாணத்தக்கது என்று இடித்துரைத்தார் (புறம். 44).

கிரேக்கரிடத்தும் நிலை ஒருதன்மைத்தன்று. அகமெம்னான் தரும் பரிசில்களை ஒடிசியூசு வரிசைப்பட அக்கிலீசிடம் கூறுகின்றான். தனக்கு அவன் பணிய வேண்டும் என்று அரசன் சொன்னதை மட்டும் நயமாக மறைத்துவிடுகின்றான். பீனிக்சு பழங்கதை கூறிக் குறிப்பாக உணர்த்துகின்றான். அயாக்சு சுருங்கக் கடிந்து பேசுகின்றான். ஒடிசியூசுக்கு ‘நாளையே ஊர் திரும்புவேன்’ என்னும் கருத்துப்பட விடையிறுத்த அக்கிலீசு, பீனிக்சுக்குப் பின் ‘காலையில் முடிவு செய்வோம்’ என்கின்றான். அயாக்சுக்குப் பின், எக்தர் தன் படையினரின் கப்பல்களை நெருங்குங்காறும் போரிடேன் என்கின்றான். சினம் முற்றும் தணியாவிடினும், அது படிப்படியே இளகுதல் தெளிவு.

எனவே வேறுபாடு பேச்சின் வெளிப்பாட்டிலன்று. பேசுவோர் நிலையிலும் நோக்கத்திலும் உளது. அக்கிலீசிடம் சென்றோர் அவனோடு ஒரே படையில் நின்றோர். அவனை மீண்டும் போருக்கு அழைத்தலே அவர் கருத்து. நம் புலவரோ படைத்தலைவர் அல்லர். போரைத் தவிர்த்தலே அவர் கருத்து. அக்கிலீசின் வழக்குத் தன் பெருமை பற்றியது. கோவூர்கிழாரோ, இருதிறத்தாரும் ஆத்தி சூடியோர், எவர் தோற்பினும் தோற்பது சோழர்குடியே என்று குடிப்பழியை முன்னிறுத்துகின்றார் (புறம். 45). கோப்பெருஞ்சோழன் தன் மக்கள்மேற் போருக்கெழுந்தபோது, வென்றபின் அரசினை எவர்க்கு விட்டுச்செல்வாய் எனப் புல்லாற்றூர் எயிற்றியனார் வினவியதும் (புறம். 213) இந்நெறியதே.

புலவரைப் பரிசில் வேண்டி முகமன் உரைத்தோர் என மட்டும் கருதுவார், ஆவூர்க் கோட்டையுள் ஒலித்த அச்சொல்லை மீண்டும் ஓதிப் பார்ப்பாராக. இனத்தின் இயல்பு இன்னதென ஒரே சொல்லில் முடித்தலினும், யார், யாரிடம், எதன் பொருட்டுப் பேசினார் என வினவுதலே ஒப்பியல் ஆய்வுக்கு ஏற்ற நெறியாகும்.