கிரியேட்டினின் குறைஞ்சா சந்தோஷப்படலாமா?

டயாலிசிஸ் செய்துகொள்பவர் வீட்டில் மாத ரிப்போர்ட் வந்ததும் எல்லாரும் முதலில் தேடுவது கிரியேட்டினினைத்தான். போன மாசம் 9, இந்த மாசம் 7 என்றால் ஒரு நிம்மதி. சித்தப்பா விஷயத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன். நான் மருத்துவன் இல்லை. பிறகு உட்கார்ந்து படித்ததில் புரிந்ததை எழுதுகிறேன்.

கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. டயாலிசிஸ் அளவு மாறாமல், சிறுநீரும் கூடாமல் அது இறங்கிக்கொண்டே போனால், தசை கரைகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். யூரியாவும் அப்படியே. புரதம் சாப்பிடுவது குறைந்தால் அதுவும் குறையும்.

1990-ல் லௌரியும் லூவும் அமெரிக்காவில் 12,000-க்கும் மேற்பட்ட ஹீமோடயாலிசிஸ் நோயாளிகளின் பரிசோதனை முடிவுகளை அலசினார்கள். அல்புமின் குறைவாக இருந்தவர்களுக்கு மரண ஆபத்து மிக அதிகம். கிரியேட்டினின் குறைவும் ஆபத்துப் பக்கம்தான் நின்றது. அதிலிருந்து அல்புமின் என்றாலே ஊட்டச்சத்து என்று ஆகிவிட்டது. எனக்கு இங்கேதான் சிக்கல். கதீட்டரில் தொற்று வந்தாலும் அல்புமின் இறங்கும், உடம்பில் நீர் தேங்கினாலும் இறங்கும். சர்வர் டவுன் என்று சிவப்பு விளக்கு எரிகிறது, ஆனால் எந்த புராசஸ் விழுந்தது என்று அது சொல்லாது. காரணம் தொற்றாக இருக்கும்போது நாம் புரோட்டீன் பவுடர் வாங்கிக்கொண்டிருப்போம்.

2008-ல் சிறுநீரக ஊட்டச்சத்துக்கான சர்வதேச சங்கத்தின் நிபுணர் குழு ஒரு வரையறை கொடுத்தது. ரத்தப் பரிசோதனை, உடல் எடை, தசை, உணவு என்ற நான்கு பிரிவில் மூன்றிலாவது குறை இருக்க வேண்டும். ஒற்றை எண்ணை நம்பாதது நல்ல விஷயம். ஆனால் அதில் பிஎம்ஐ 23-க்குக் கீழே போனாலே குறை. ஆசியர்களுக்கு இதைவிடக் குறைவாக இருக்கலாம் என்பது அடிக்குறிப்பில்தான் வருகிறது. 2001-ல் கலந்தர்-சாதே குழு உருவாக்கிய எம்ஐஎஸ் மதிப்பெண்ணிலோ 20 இருந்தாலே குறை இல்லை. பிஎம்ஐ 21 உள்ள ஒருவர் ஒன்றில் ஃபெயில், இன்னொன்றில் பாஸ்!

இருந்தாலும் என் ஓட்டு எம்ஐஎஸ்-க்குத்தான். பத்து அம்சம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 30. அதிகமானால் மோசம். பசி எப்படி, நடக்க முடிகிறதா, தோளிலும் கையிலும் சதை வற்றியிருக்கிறதா என்று ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, தொட்டுப் பார்க்க வேண்டும். பார்ப்பவரைப் பொறுத்து மதிப்பெண் கொஞ்சம் மாறும் என்பது நியாயமான குறைதான். ஆனால் டயாலிசிஸ் முடிந்த பிறகும் எடை மாறாமல் இருந்து, தசை போன இடத்தில் நீர் சேர்ந்திருந்தால், எடை மெஷின் அதைப் பிடிக்காது. கை பிடிக்கும்.

சித்தப்பாவின் சட்டைக் கை தொளதொளன்னு ஆயிடுச்சு என்று சித்தி மூன்று மாசம் முன்னாடியே சொன்னார். நாங்கள் ரிப்போர்ட்டைக் காட்டி, "எல்லாம் குறைஞ்சிருக்கு, பயப்படாதீங்க" என்றோம். அன்றைக்கே சித்தி சொன்னதை டாக்டரிடமும் டயட்டீஷியனிடமும் சொல்லியிருக்க வேண்டும்.