துளையில் தெரியும் தரம்

கந்தர்வக்கோட்டையிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகிறவர்கள் ஆதனக்கோட்டையில் முந்திரிப்பருப்பு வாங்க நிற்பார்கள். புதுக்கோட்டைக்குப் பக்கத்திலுள்ள பொற்பனைக்கோட்டை பார்க்கப் போகிறவர்கள் குறைவு. அங்கே 2023இல் தமிழகத் தொல்லியல் துறை தொடங்கிய அகழாய்வில் சிறு பொன்னணியும் சூதுபவளம் என்னும் சிவப்புக் கல்லில் செய்த மணி ஒன்றும் கிடைத்தன. பொன்னை விட்டு மணியைப் பேசுவோம்.

கல்லை அணியாக்குவதில் சீனாவுக்கு நீண்ட மரபு உண்டு. வடகிழக்கே சிங்லோங்வா மக்கள் ஏழாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே ஜேட் கல்லில் காதுக்குப் பிளவு வளையம் செய்தார்கள். ஹோங்ஷான்காரர்கள் சுருண்ட விலங்குருவம் செதுக்கினார்கள். யாங்சி முகத்துவாரத்து லியாங்சு மரபு வேறு: வெளியே சதுரம், உள்ளே வட்டத் துளை கொண்ட ஜேட் குழல். ஃபான்ஷான் கல்லறையில் கிடைத்த அப்படி ஒன்று ஆறரை கிலோ எடை. இரும்பு இல்லை, ஈர மணலும் கயிறும் துரப்பணமும்தான். ஒரு மில்லிமீட்டருக்குள் பல கோடுகள் இழுத்த கைகள் அவை.

நம் பக்கம் கொடுமணல். நொய்யல் கரையில் இருக்கும் இவ்வூரின் அணிகலன்களைப் பதிற்றுப்பத்தே பேசுகிறது. படியூர்ப் பச்சைக்கல், சிவன்மலை நீலக்கல் என மூலப்பொருள் பக்கத்திலேயே கிடைத்தது. சூதுபவளம் மட்டும் குஜராத் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஒரே ஈமச்சின்னத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள்! உடைந்த கல், பாதி தேய்த்தது, துளையிடாதது என எல்லா நிலையிலும் மணிகள் கிடைத்ததால்தான் இது வெறும் சந்தையல்ல, பட்டறை என்று தெரிந்தது. சூதுபவளத்தில் காரம் தடவிச் சுட்டு வெள்ளைக் கோடு வரைந்த மணிகளும் இங்கே உண்டு.  

தரத்தை எப்படி அறிவது? நிறம் ஏமாற்றும், சுட்டால் சூதுபவளம் சிவந்துவிடும். மெருகும் புதைந்து கிடந்தால் மங்கும். துளை பொய் சொல்லாது. இரு முனையிலிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்க வேண்டும். மயிரிழை பிசகினாலும் உள்ளே படி விழும். துரப்பண நுனியில் வைரத் துணுக்கைப் பதித்துத் துளையை நேராகவும் வழவழப்பாகவும் ஆக்கினார்கள். அந்தக் கைவேலை குஜராத்தின் காம்பேயில் அண்மைக்காலம் வரை இருந்தது.

சூதுபவள வேலையும் ஜேட் வேலையும் ஒரே ஊரில் கூடியதும் உண்டு. தாய்லாந்தின் காவ் சாம் கேவ் துறைமுகத்தில், கி.மு. நான்காம் நூற்றாண்டு முதல், இந்தியத் தொழில்நுட்பத்தில் சூதுபவள மணி செய்தார்கள். அங்கேயே தைவானிலிருந்து வந்த ஜேட் கல்லில் காதணியும் செய்தார்கள்.

நம் அருங்காட்சியகங்களில் மணிகளைச் சரமாகக் கோத்து வைத்துவிடுகிறார்கள். கோத்த பின் துளை ஏது? ஒன்றிரண்டையாவது கோக்காமல், மேலே பூதக்கண்ணாடியோடு வைக்கலாம்.