தனூமாவின் 227 பேர்

பஸ்ரா என்றதும் நம் இல்லங்களில் ஹஸன் பஸரீ (ரஹ்), ராபிஆ பஸரிய்யா (ரஹ்) ஆகியோரே நினைவுக்கு வருவர். ஷத்துல் அரப் ஆற்றின் மறுகரையிலுள்ள தனூமாவை அறிந்தோர் சிலரே. அவ்வூரின் பெயரால் அமைந்த சீனர் நினைவுச் சின்னம், போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவில், அடையாளம் தெரியாத 227 பேருக்குரியது.

1914 நவம்பரில் பஸ்ராவைக் கைப்பற்றிய பிரிட்டிஷ் படை, பக்தாது நோக்கி முன்னேற ஆற்றையே நம்பியிருந்தது. ஆற்றுக் கப்பல்களைப் பூட்டவும் பழுது பார்க்கவும் தச்சரும் பிட்டரும் கொல்லரும் தேவைப்பட்டனர். கப்பல் பட்டறைகளுக்குப் பேர்போன ஹாங்காங்கில் ஆளெடுப்பு நடந்தது.

அக்கைவினைஞர்களைப் பதிவு 'சீனத் தொழிலாளர் படை' என்கிறது. பிரான்சில் பதுங்குகுழி வெட்டியோருக்கும் அதே பெயர்தான். மண் வெட்டுவது இழிவன்று. ஹலாலான உழைப்பு எதுவும் இழிவன்று. ஆயினும் கொதிகலனின் கசிவை அடைக்கத் தெரிந்தவன் என்பதற்காகவே கடல் கடந்து அழைக்கப்பட்டவனின் தொழிலை, அவன் மாண்டபின் மறைத்துவிடுகிறது அச்சொல். சம்பளம் கொடுத்தபோது அவனுக்குப் பெயர் இல்லாமலா இருந்தது?

பஸ்ரா நினைவுச் சின்னத்திலும் இதே கணக்குதான். பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் பொறித்தனர். இந்தியச் சிப்பாய்களுக்கோ, அவர்களுள் முஸ்லிம்களும் பலர், படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கை மட்டுமே. இப்பாகுபாட்டை ஆணையம் 2021ஆம் ஆண்டு அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. தனூமாவுக்காக ஹாங்காங்கின் பழைய ஏடுகளையும் புரட்ட வேண்டும்.