மைக்கல் வெஸ்ற்றின் சொற்பட்டியல்: ஒரு மதிப்பீடு

நிகண்டை மனனஞ் செய்து கல்வியைத் தொடங்கிய மரபு நம்முடையது. மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டை ஒப்புவிக்க வல்ல சிறுவர்களைத் திண்ணைப் பள்ளிகள் உருவாக்கின. அம்மரபில் வந்த நமக்கு, ஆங்கிலங் கற்பதற்கும் நல்லதொரு சொற்பட்டியல் இருந்தாற் போதும் என்ற எண்ணம் எழுதல் இயல்பே. அவ்வெண்ணத்துக்கு வாய்ப்பாக அமைந்தது, மைக்கல் வெஸ்ற் 1953இல் வெளியிட்ட ஆங்கிலப் பொதுச் சேவைச் சொற்பட்டியல். வெஸ்ற் வங்காளத்திலே, டாக்கா நகரில், ஆசிரியர்களைப் பயிற்றியவர். வங்க மாணவன் ஆங்கில நூல்களைத் தானே வாசிக்கும் ஆற்றலை விரைவிற் பெறவேண்டும் என்பது அவர் கவலை.

இந்நூலின் சிறப்பு யாது? ஏறக்குறைய 2,000 சொற்களைத் தெரிந்தெடுத்தமையே என்பர். அஃது அன்று. சொற்களை எண்ணி வரிசைப்படுத்தும் வேலையை அமெரிக்கரான தோண்டைக் 1921இலேயே செய்து காட்டினார். ஒக்டனோ 850 சொற்களோடு அமைந்துவிடலாம் என்று 1930இற் கூறினார். வெஸ்ற்றின் நூல் செய்தது வேறொன்று. ஒரு சொல்லின் பல பொருள்களையும் பிரித்து, ஒவ்வொரு பொருளும் நூற்றுக்கு எத்தனை முறை வழங்குகின்றது என்று அது காட்டிற்று. நம் நிகண்டின் பதினொராவது தொகுதியும் ஒருசொற் பல்பொருளைத்தான் கூறுகின்றது. ஆயின் அவற்றுள் எப்பொருள் பெருவழக்கு, எப்பொருள் அருவழக்கு என்று அது கூறுவதில்லை.

ஆசிரியர்களாகிய நாமோ அவ்வரிய பகுதியைக் களைந்துவிட்டுத் தலைச்சொற்களை மாத்திரம் பிரதிபண்ணி, சொல்லொன்றுக்குத் தமிழ்ப்பொருள் ஒன்றாக மாணவர் கையிற் கொடுத்தோம். இக்குற்றத்துக்கு நானும் விலக்கானவன் அல்லன். 'ஃபெயர்' என்றால் 'நேர்மையான' என்று என்னிடம் படித்த மாணவன் ஒருவன், கணிசமான தொகை என்று பொருள்படும் 'எ ஃபெயர் நம்பர்' என்ற தொடரை 'நேர்மையான எண்' என்று மொழிபெயர்த்தான். வகுப்புச் சிரித்தது. சிரிக்கப்பட வேண்டியவர் ஆசிரியரே.

ஆயினும் குற்றம் முழுவதையும் நாமே சுமத்தல் நியாயமன்று. எச்சொல் எச்சொல்லோடு சேரும் என்பதைச் சொற்பட்டியலின் அமைப்பு போதிய அளவு காட்டமாட்டாது. தமிழிலே பலத்த காற்று, பலத்த மழை என்கின்றோம். ஆங்கிலத்திற் காற்று 'ஸ்ரோங்'. மழையோ 'ஹெவி', அதாவது பாரமானது. வேலை செய்தான், பிழை செய்தான் என்று நாம் ஒரே வினையாற் கூறுவதற்கு ஆங்கிலம் 'டூ' என்றும் 'மேக்' என்றும் இரண்டு வினைகளை வேண்டிநிற்கும். இச்சொற்கள் யாவும் முதலாண்டு மாணவன் அறிந்தவை. அவற்றின் சேர்க்கையை அறியாமையே இடைநிலை மாணவனின் இடர். ஹரல்ட் பாமர் தோக்கியோவிலிருந்து 1933இலேயே சொற்சேர்க்கை பற்றித் தனி அறிக்கை வெளியிட்டிருந்தார். அவரும் வெஸ்ற்றும் 1936இற் சொற்றெரிவு பற்றிய அறிக்கையில் ஒருங்கே பெயர் பொறித்தவர்கள். ஆதலால், வெஸ்ற் இதனை அறியாதவர் என்று கூறுதற்கில்லை.

பிறிதொரு குறை காலத்தால் வந்தது. கொம்பியூற்றர் என்ற சொல் அப்பட்டியலில் இல்லை. இஃது எளிதிற் பொறுக்கத்தக்கது. விடுபட்ட சொற்களைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பொறுக்கவொண்ணாதது, 2,000 என்ற எண்ணை எல்லையென்று கொண்டமை. நமது பல்கலைக்கழகங்களில் மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. கல்வி நூல்களில் வரும் சொற்களுள் நூற்றுக்கு எண்பதளவே அப்பட்டியலில் அடங்கும். பத்துச் சொற்கொண்ட ஒரு வரியில் இரண்டு புரியாது. அவ்விரண்டும் பெரும்பாலும் பொருளின் உயிர்நிலையாய் நிற்பவை. 2000ஆம் ஆண்டிற் கொக்ஸ்ஹெட் என்னும் அறிஞர் தொகுத்த 570 கல்விச் சொற்குடும்பங்கள் மேலும் பத்துப் பங்களவை நிரப்பும். நாவலையும் செய்தித்தாளையும் துணையின்றி வாசிக்க எண்ணாயிரம் முதல் ஒன்பதினாயிரம் வரையிலான சொற்குடும்பங்கள் வேண்டும் என்று போல் நேஷன் 2006இற் கணக்கிட்டார். இரண்டாயிரத்துக்கும் எண்ணாயிரத்துக்கும் இடைப்பட்ட வெளியை எந்த ஆசிரியரும் வகுப்பிற் கற்பித்து முடித்தல் இயலாது. மாணவன் வாசித்தே கடக்கவேண்டிய வெளி அது. எளிய நடையில் எழுதிய கதைநூல்களைப் படிப்படியாக வாசிக்கச் செய்த வெஸ்ற் இதனை நன்குணர்ந்தவர். அவ்வாசிப்பை விடுத்துப் பட்டியலை மட்டும் பற்றிக்கொண்டமைதான் வியப்பு.

இப்பொழுது என் வகுப்பிற் சொற்கொப்பியின் இலக்கணம் மாறியிருக்கிறது. தாம் வாசித்த நூலிற் கண்ட வாக்கியத்தை முழுதாக எழுதி, புதுச்சொல்லோடு கூடிநின்ற சொல்லையும் கோடிட வேண்டும். தமிழ்ப்பொருள் இறுதியில், தேவைப்பட்டால் மாத்திரம். ஒரு வாரத்துக்கு முப்பது சொல் எழுதிய மாணவர் இன்று பத்துக்கு மேல் எழுதுவதில்லை. பெற்றோர் சிலர் இதனைக் குறையென்று என்னிடம் முறையிட்டதுமுண்டு. கொப்பியைத் திறந்து, அப்பத்துச் சொற்களையும் பிள்ளை எடுத்தாளும் விதத்தைக் கேட்டுப் பார்க்குமாறு அவர்களை வேண்டிக்கொண்டேன்.